கசாயமா, பம்பா? அப்பத்தாவோட மூச்சும் எங்க வீட்டுப் பட்டிமன்றமும்

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். நான் டாக்டர் இல்ல, சித்த வைத்தியரும் இல்ல. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சிட்டு, அதுக்குச் சம்பந்தமே இல்லாம பொட்டி தட்டிக்கிட்டிருக்கற லட்சம் பேர்ல ஒருத்தன். ஆனா மூணு வருசமா எங்க வீட்டுல ஒரு பட்டிமன்றம் ஓடிக்கிட்டே இருக்கு. தலைப்பு: அப்பத்தாவோட மூச்சுக்கு உகந்தது நாட்டு மருந்தா, இங்கிலீஷ் மருந்தா? நடுவர் கிடையாது. தீர்ப்பும் கிடையாது. கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

ஊரு அல்லிநகரம். தேனியும் அல்லிநகரமும் சேர்ந்து ஒரே நகராட்சி. வெளியூர்க்காரங்ககிட்ட "பாரதிராஜா ஊரு"ன்னு சொன்னா டக்குனு புரிஞ்சுக்குவாங்க. எங்க ஊருக்குன்னு ஒரு விசேசம், காத்து. ஆனி, ஆடியில கம்பம் கணவாய் வழியா மலையத் தாண்டி வர்ற காத்து இருக்கே, துணி காயப்போட்டா பக்கத்துத் தெருவுல போய்த்தான் எடுக்கணும். அந்தக் காத்தை நம்பித்தான் ஆண்டிபட்டிப் பக்கம் காத்தாடியா நட்டு வச்சு கரண்டு எடுக்கறாங்க. இவ்வளவு காத்து அடிக்கற ஊர்ல, எங்க அப்பத்தாவுக்கு மட்டும் காத்து பத்தல :(

அப்பத்தாவுக்கு எழுபத்திமூணு வயசு. முப்பது வருசத்துக்கு மேல வீட்டு வாசல்லயே இட்லிக் கடை போட்டு, எங்க அப்பாவையும் சித்தப்பாவையும் அத்தையையும் படிக்க வச்ச மனுசி. விடியக்காலை மூணரைக்கு விறகடுப்பைப் பத்த வச்சா பத்து மணி வரைக்கும் எரியும். பீடி, சிகரெட்டைக் கையால தொட்டதில்ல. வெத்தலை மட்டும் உண்டு. அஞ்சாறு வருசத்துக்கு முன்னாடி மாடிப்படி ஏறும்போது நின்னு நின்னு ஏற ஆரம்பிச்சிச்சு. அப்புறம் வாசல் தெளிக்கறப்பவே எரப்பு. "வயசாச்சுல்ல"ன்னு எல்லாரும் விட்டுட்டோம். ஒரு மார்கழியில ராத்திரி பூரா உக்காந்தே விடிஞ்சதும்தான் க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போனோம்.

அங்கதான் அந்த ஊதுற டெஸ்ட். ஸ்பைரோமெட்ரி. நம்மாளுகளுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா த்ரூபுட் டெஸ்ட். நல்லா மூச்ச இழுத்து, முழுசா வேகமா ஊதணும். மொத்தமா எவ்வளவு காத்து வெளிய வருது, அதுல முதல் ஒரு செகண்டுல எவ்வளவு வருது, இந்த ரெண்டையும் வகுக்கறாங்க. மூச்சுக்குழாயை விரிக்கற மருந்தைக் கொடுத்துட்டு ஊதச் சொல்லியும் அது 0.7-க்குக் கீழ இருந்தா குழாய்ல அடைப்பு நிரந்தரமா இருக்குன்னு அர்த்தம். அப்பத்தாவுக்கு அப்படித்தான் வந்துச்சு. பேரு சிஓபிடி. தமிழ்ல நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல 2021-ல மட்டும் உலகம் பூரா சுமார் 35 லட்சம் பேர் இதால செத்திருக்காங்க. சர்க்கரை, பிரஷர் தெரிஞ்ச அளவுக்கு இந்தப் பேரு நம்ம ஊர்ல யாருக்காவது தெரியுமா? எல்லாத்துக்கும் ஒரே பேருதான், "வீசிங்".

இந்த "வீசிங்"ங்கற ஒத்த வார்த்தைதான் எங்க பட்டிமன்றத்துல பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஆஸ்துமாவும் வீசிங்தான், சிஓபிடியும் வீசிங்தான். ஆஸ்துமாவுல குழாய் சுருங்கும், மருந்து எடுத்தா (சில சமயம் எடுக்காமலே கூட) திரும்ப விரியும். சின்னப் புள்ளைங்கள்ல நிறையப் பேருக்கு வளர வளர அதுவாவே போயிடும். சிஓபிடியில குழாய் தடிச்சுப் போய், காத்துப்பையோட சுவரே கிழிஞ்சு போயிருக்கும். அது திரும்ப முளைக்காது. ரீஇன்ஸ்டால் பண்ற வசதி கிடையாது. இது புரியாம "எங்க மச்சினன் மகனுக்கு அஞ்சு வயசுல இருந்த வீசிங், ஒரே மண்டலத்துல போயிருச்சு"ன்னு ஒருத்தர் சொல்லும்போது, அவரு பொய் சொல்லல. அந்தப் பையனோட நோய் வேற, எங்க அப்பத்தாவோட நோய் வேற. அவ்வளவுதான்.

சரி, பட்டிமன்றத்துக்கு வருவோம்.

நாட்டு மருந்துக் கட்சிக்குத் தலைமை அத்தை. சின்னமனூர்ல கட்டிக்கொடுத்திருக்கு, ஆனா வாரத்துக்கு மூணு நாள் எங்க வீட்டுலதான். ஆடாதோடை இலையும் மிளகும் போட்டு சுண்டக் காய்ச்சின கசாயம், தூதுவளை ரசம், திப்பிலிப் பொடி தேன்ல குழைச்சு, சித்தரத்தை, அதிமதுரம், கற்பூரவல்லிச் சாறு, ராத்திரியில தேங்காயெண்ணெயில கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சுல தடவறது, வேது பிடிக்கறது... ஒரு நாட்டு மருந்துக் கடையையே மண்டையில வச்சிருக்கு. பம்பைக் கண்டாலே (இன்ஹேலருக்கு எங்க வீட்டுல பம்புன்னுதான் பேரு) ஆகாது. "ஒருதடவை அதைப் பழக்கிட்டா சாகுற வரைக்கும் உறிஞ்சணும் மருமகனே. எங்கம்மாவ பம்புக்கு அடிமையாக்கிப்புடாத."

எதிர்க்கட்சி நான். வாட்ஸ்அப் கட்சி சித்தப்பா. அது தனிக் கட்சி. காலையில ஒரு கொள்கை, சாயங்காலம் ஒரு கொள்கை :-)

பம்புக்கு அடிமையாகறதுங்கற வாதத்துக்கு எங்கிட்ட ஒரே பதில்தான். கண்ணாடிக்கு யாராவது அடிமையாவாங்களா அத்தே? கண்ணு சரியா தெரியாததால தினமும் போடுறோம். நோய் நிரந்தரமா இருக்கு, அதனால மருந்தும் தினமும் வேணும். மாத்திரையா முழுங்கினா வயிறு, ரத்தம்னு உடம்பெல்லாம் சுத்திட்டு வரணும். உறிஞ்சினா நேரா நோய் இருக்கற இடத்துக்குப் போகுது, மைக்ரோகிராம் கணக்குல போதும். இதுக்கு அத்தை சொன்ன பதில்: "கண்ணாடி போட்டா ஊர்ல சீக்காளிங்க மாட்டாக."

அது நியாயமான பாயிண்டு. அப்பத்தா பம்பை முந்தானையில மறைச்சு வச்சுக்கிட்டு, யாராவது வீட்டுக்கு வந்தா உள்ளரைக்குப் போய் உறிஞ்சிட்டு வரும். சில நாள் போகாது. வந்தவங்க ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசினா ரெண்டு மணி நேரமும் மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கும். கசாயத்துல இந்தப் பிரச்சினையே கிடையாது. கசாயம் குடிக்கறது மரியாதையான விசயம். வந்தவங்களும் "எனக்கும் ஒரு மடக்கு கொடுங்க"ம்பாங்க.

நான் சும்மா வாய்ச்சவடால் விடக்கூடாதுன்னு ஆணி இல்லாத நேரமா பாத்து உக்காந்து தேடினேன். தேடினா ரெண்டு கட்சிக்கும் அடி விழற மாதிரி விசயமா கிடைச்சுது.

ஆடாதோடையை எடுத்துக்கங்க. ஆடு தொடாத இலைங்கறதால அந்தப் பேருன்னு சொல்லுவாங்க. எங்க ஊர் வேலி ஓரமெல்லாம் கிடக்கும். இதுல இருக்கற வாசிசின்ங்கற சத்தை 1888-ல பிரிச்சு எடுத்தவர் டேவிட் ஹூப்பர். ஊட்டியில சென்னை மாகாண அரசாங்கத்துக்கு சிங்கோனா பட்டையை ஆராயற வேலையில இருந்தவர். அந்த வாசிசினை மாதிரியா வச்சு உருவாக்கினதுதான் 1963-ல சந்தைக்கு வந்த ப்ரோம்ஹெக்சின். அதுலேர்ந்து வந்தது அம்ப்ராக்சால். மெடிக்கல் ஷாப்புல சளி இளக இருமல் மருந்து கேட்டா கொடுக்கறாங்களே, அதோட லேபிளைத் திருப்பிப் பாருங்க, நிறைய பாட்டில்கள்ல இந்த ரெண்டுல ஒண்ணு இருக்கும். அதாவது அத்தை காய்ச்சறதும் சித்தப்பா கடையில வாங்கறதும் ஒண்ணுவிட்ட சொந்தக்காரங்க. 2020-ல கொரோனா சமயத்துல தமிழ்நாடு அரசு வீடு வீடா கொடுத்துச்சே கபசுரக் குடிநீர், அதுலயும் ஆடாதோடை உண்டு. ஆனா இந்த மருந்துகளோட வேலை சளியை இளக்கறது. சிஓபிடிக்கு அது பக்கவாத்தியம், பாட்டு இல்ல.

இதவிட எனக்கு ஆச்சரியமா இருந்தது ஊமத்தை. நம்ம ஊர்ல ஊமத்தை இலையைக் காயவச்சு சுருட்டா சுத்தி இழுப்புக்குப் புகை பிடிக்கறது பழைய வைத்தியம். சென்னையில கம்பெனி காலத்துல ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒரு தலைமை டாக்டர் இருந்தார். சைதாப்பேட்டையில சாயப்பூச்சி வளர்க்க கள்ளித் தோட்டம் போட்டாரே, அவரேதான். அவரு இந்த வைத்தியத்தை ஜெனரல் ஜென்ட்ங்கற ராணுவ அதிகாரிக்குச் சொல்ல, அவர் மூலமா 1802-ல அது பிரிட்டனுக்குப் போச்சு. அங்க பத்திக்கிச்சு. நூறு வருசத்துக்கு மேல ஐரோப்பா பூரா ஊமத்தைச் சிகரெட்டு பாக்கெட் போட்டு வித்திருக்காங்க. எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் கூட அந்தச் சிகரெட்டு இழுத்த ஆள்தான். அதாவது இங்கிலீஷ் மருந்துங்கறது ஒரு காலத்துல நம்ம மெட்ராஸ் மருந்து!

இங்கதான் அத்தை கைதட்டும். பொறு அத்தே.

ஊமத்தை ஏன் வேலை செஞ்சுதுன்னா அதுல அட்ரோபின் வகை சத்து இருக்கு, மூச்சுக்குழாயை இறுக்கிப் பிடிக்கற நரம்பு சிக்னலை அது மறிக்குது. ஆனா ஒரு செடியில இருக்கற அளவு இன்னொரு செடியில இருக்காது. கொஞ்சம் கூடினா வாய் வறண்டு, கண்ணு மங்கி, நெஞ்சு படபடத்து, புத்தி பேதலிச்சுப் போகும். ஊமத்தங்காய் தின்னா பைத்தியம் பிடிக்கும்னு நம்ம ஆளுகளுக்கே தெரியுமே. நல்லதை மட்டும் வச்சுக்கிட்டுப் பைத்தியத்தை எடுக்க முடியுமான்னு பாத்ததுல அட்ரோபினை மாத்தி இப்ராட்ரோபியம்னு ஒண்ணு வந்துச்சு. நுரையீரல்லயே தங்கி வேலை செய்யும், மூளைக்குள்ள போகாது. அதுக்கடுத்து 2002 வாக்குல வந்தது டியோட்ரோபியம். ஒரு நாளைக்கு ஒருதடவை உறிஞ்சினா 24 மணி நேரம் நிக்கும்.

எங்க அப்பத்தா முந்தானைக்குள்ள மறைச்சு வச்சிருக்கற பம்புல இருக்கறது அந்த டியோட்ரோபியம்தான்.

இதை நான் சொன்னதும் அத்தை ஒரு நிமிசம் யோசிச்சிட்டு, "அப்ப அது ஊமத்தையா?"ன்னுச்சு. ஊமத்தையோட பேத்தி மாதிரின்னேன். அன்னைலேர்ந்து பம்பு மேல இருந்த கோவம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. எப்படியோ, எங்களுக்கு மூச்சுதான் முக்கியம்.

தூதுவளைக்கும் ஒரு ஆய்வு இருக்கு. கண்டங்கத்திரி, தூதுவளை ரெண்டையும் 300 மில்லிகிராம் பொடியா ஆஸ்துமாக்காரங்களுக்குக் கொடுத்து, அதே ஊதுற மெஷின்ல அளந்து, 1999-ல ஜர்னல் ஆஃப் எத்னோஃபார்மகாலஜியில போட்டிருக்காங்க. மூச்சு நிஜமாவே கொஞ்சம் கூடியிருக்கு. ஆனா சால்பியூட்டமால், டெரிஃபிலின் அளவுக்கு இல்ல. சின்ன ஆய்வு, அதுவும் ஆஸ்துமாவுக்கு. இருந்தாலும் "நாட்டு மருந்துன்னா சும்மா தண்ணி"ன்னு அலட்டற நம்ம ஐடி மக்களுக்கு இதைக் காட்டலாம். அதே தாளை அத்தைகிட்டயும் காட்டலாம். "இருக்கு, ஆனா கம்மியா இருக்கு." ரெண்டு பேருக்கும் பிடிக்காத பதில்.

தண்ணியில்லங்கறதுக்கு இன்னொரு ஆதாரம், கொஞ்சம் பயப்பட வேண்டிய ஆதாரம். மிளகுலயும் திப்பிலியிலயும் இருக்கற பைப்பரின். 1991-ல வந்த ஒரு ஆய்வுல, தினமும் 20 மில்லிகிராம் பைப்பரினை ஏழு நாள் எடுத்தவங்களுக்கு, தியோஃபிலின் மாத்திரையோட அளவு ரத்தத்துல கூடியிருக்கு. தியோஃபிலின்ங்கறது (நம்ம டெரிஃபிலின்ல இருக்கறது) கொஞ்சம் கூடினாலே வாந்தி, படபடப்பு, ரொம்பக் கூடினா வலிப்பு வரைக்கும் போற மருந்து. 20 மில்லிகிராம் பைப்பரினுக்கு எவ்வளவு மிளகு வேணும்? கணக்குப்படி அரை கிராம் போதும். ரசத்துல ரெண்டு மிளகு மிதக்கறதுக்கு யாரும் பயப்பட வேணாம். ஆனா டெரிஃபிலின் சாப்பிடறவங்களுக்குத் தினமும் ஸ்பூன் ஸ்பூனா திப்பிலிப் பொடி கொடுக்கறது வேற கதை. அதேமாதிரி அதிமதுரம். தொண்டைக்கு இதமாத்தான் இருக்கும். நாள்கணக்கா எடுத்தா பிரஷரை ஏத்தும், உடம்புல பொட்டாசியத்தைக் குறைக்கும். அப்பத்தாவுக்குப் பிரஷர் இருக்கு. பம்பு மருந்துலயே சிலது பொட்டாசியத்தைக் குறைக்கற வேலையைச் செய்யும். ரெண்டும் சேர்ந்தா நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகும். டாக்டர்கிட்ட "கசாயம் குடிக்கலாமா"ன்னு பொத்தாம்பொதுவா கேட்டா "நிறுத்துங்க"ன்னுதான் சொல்லுவாரு. "இதுல இன்னின்ன போடறோம்"னு சீட்டுல எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். அதிமதுரத்தை மட்டும் அடிச்சிட்டு, திப்பிலியைக் குறைக்கச் சொல்லிட்டு, மீதியை விட்டுட்டாரு. டிப்பென்டன்சி லிஸ்ட் கொடுத்தாத்தானே கான்ஃப்ளிக்ட் எங்கன்னு சொல்ல முடியும் :-)

சென்னையில இருக்கறவங்க தாம்பரம் சானடோரியம் ஸ்டேசன்ல இறங்கிப் பாத்திருக்கீங்களா? டாக்டர் சவரிமுத்து 1928-ல ஆரம்பிச்ச டிபி ஆஸ்பத்திரி, இப்ப நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையா இருக்கு. அதே சானடோரியத்துலதான் 2005-லேர்ந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கு. ஒரே ஸ்டேசன்ல இறங்கிப் பாதி சனம் இந்தப் பக்கமும் பாதி சனம் அந்தப் பக்கமும் போகுது. சில பேர் ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் போறாங்க. எங்க வீடும் அந்த ஸ்டேசன் மாதிரிதான்.

இதுவரைக்கும் சொன்னது செல்லச் சண்டை. உண்மையான சண்டை போன வருசம் ஆடியில வந்துச்சு. சித்தப்பா வாட்ஸ்அப்ல ஒரு வைத்தியரைப் பிடிச்சாரு. பேரும் ஊரும் வேணாம். 48 நாள்ல நுரையீரல் "புதுசா ஆயிடும்"னு உத்தரவாதம், கூரியர்ல பொடி, ஒரே ஒரு நிபந்தனை: பம்பு, மாத்திரை எல்லாத்தையும் அன்னைக்கே நிறுத்தணும். நான் அப்ப சென்னையில. பொடி வந்து ஒரே வாரத்துல அப்பத்தாவுக்கு மூச்சு நல்லா ஆயிடுச்சு. பசி எடுக்குது, மாடி ஏறுது. சித்தப்பா குடும்ப குரூப்புல வீடியோ போட்டு என்னைய டேக் பண்ணி ஒரே கொண்டாட்டம். எனக்கு வீடியோவுல வேற ஒண்ணு தெரிஞ்சுது. முகம் உப்பியிருந்துச்சு.

நாலாவது வாரத்துல பொடி தீர்ந்து அடுத்த கூரியர் வர லேட்டாயிடுச்சு. மூணாவது நாள் ராத்திரி உதடு நீலமாகி, பேச்சு ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சுன்னு ஆகி, ஆம்புலன்ஸ். அஞ்சு நாள் உள்ள இருந்துச்சு. பாத்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "ஏதாவது பொடி, லேகியம் கொடுத்தீங்களா?" ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு அவருக்குச் சந்தேகம். இப்படி மூச்சுக்கும் மூட்டுவலிக்கும் விக்கற பொடிகள்ல ஸ்டீராய்டு கலந்து மாட்டினது பல இடத்துல நடந்திருக்கு. எடுத்த உடனே அற்புதமா வேலை செய்யும், பசி எடுக்கும், முகம் உப்பும். உடம்பு தானா சுரக்கறதை நிறுத்திடும். அப்புறம் திடீர்னு நிறுத்தினா ஆளையே சாய்ச்சிடும்.

அத்தை அன்னைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல சித்தப்பாவ உண்டு இல்லைன்னு ஆக்கிருச்சு. "நான் இருவது வருசமா கசாயம் கொடுக்கறேன்டா, என்னைக்காவது டாக்டர் மாத்திரைய நிறுத்துன்னு சொன்னேனா?" சொன்னதில்ல, அது உண்மை. பம்பைத் திட்டும், ஆனா பிடுங்கி எறியாது. எங்க வீட்டுல உள்ள நாட்டு மருந்துக் கட்சியே ரெண்டா உடைஞ்சது அன்னைக்குத்தான். எனக்கு இப்ப கோடு அங்கதான் இருக்கு. இலையா வேரா மாத்திரையாங்கறது இல்ல. மத்ததை நிறுத்தச் சொல்லுதா, இல்லையா? உள்ள என்ன இருக்குன்னு சொல்லுதா, இல்லையா?

நடுவுல ஹைதராபாத் மீன் மருந்து வேற அஜெண்டாவுல வந்துச்சு. பத்தினி குடும்பத்தார் 1845-லேர்ந்து கொடுக்கறதா சொல்றாங்க. ஜூன்ல மிருகசீரிஷ கார்த்தி அன்னைக்கு, நாம்பள்ளி எக்சிபிஷன் மைதானத்துல, மஞ்சள் கலர் மருந்தை உயிருள்ள சின்ன விரால் மீன் வாயில வச்சு அப்படியே தொண்டைக்குள்ள விடுவாங்க. இலவசம். மருந்துல என்ன இருக்குங்கறது குடும்ப ரகசியம். கொரோனாவுல நின்னு போய் 2023-ல திரும்ப ஆரம்பிச்சாங்க. காசு வாங்காம கொடுக்கறாங்கங்கறது பெரிய விசயம்தான், நான் கிண்டல் பண்ணல. ஆனா ஒரு படி ஏறினாலே மூச்சு வாங்கற எழுபத்திமூணு வயசுக்காரியை ஜூன் மாசக் கூட்டத்துல நிக்க வச்சு, உயிர் மீனைத் தொண்டையில விடறதா? புரையேறினா என்ன செய்ய? அப்பத்தாவே வீட்டோ போட்டுருச்சு. "மீனக் கொழம்பு வச்சுக் கொடுங்கடா, உசுரோட எவன் திம்பான்?"

இத்தனை சண்டையிலயும் ஒரு விசயம் என் கண்ணுல பட்டது ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம்தான். வீட்டுலேர்ந்து ஒரு மாசம் வேலை பாத்தேன், பின்கட்டுப் பக்கம் ஜன்னலோரமா லேப்டாப். காலையில அஞ்சரைக்குப் புகை வரும். எட்டிப் பாத்தா அப்பத்தா அடுப்பு ஊதிக்கிட்டிருக்கு. என்ன அடுப்பு? கசாய அடுப்பு!

2006 தேர்தல் முடிஞ்சு கலைஞர் ஆட்சியில இலவச கேஸ் அடுப்பு வந்தப்பவே எங்க வீட்டுச் சமையல் கேஸுக்கு மாறிடுச்சு. ஆனா வெந்நீரும் கசாயமும் மட்டும் இன்னைக்கும் பின்கட்டு விறகடுப்புலதான். வெந்நீருக்கு கேஸை வீணாக்கக் கூடாது, கசாயம் விறகுல சுண்டினாத்தான் குணம். ஒரு படி தண்ணி கால்படியாகற வரைக்கும் முக்கால் மணி நேரம். யாரு உக்காந்து தள்ளி விடறது? அப்பத்தாதான். அடுப்பு வேலையை வேற யார்கிட்டயும் கொடுக்காது. முப்பது வருசப் புகையால வந்த நோய்க்கு, தினமும் முக்கால் மணி நேரம் புகையில உக்காந்து, தானே மருந்து காய்ச்சிக் குடிக்குது. அதுக்கு மேல வெள்ளிக்கிழமை சாம்பிராணி. "சளிக்கு நல்லது"ன்னு கட்டில் பக்கத்துலயே போடறாங்க. ராத்திரி கட்டிலுக்கடியில கொசுவத்திச் சுருள். ஒரு சுருள் முழுசா எரிஞ்சா வர்ற நுண்துகள், 75-லேர்ந்து 137 சிகரெட்டு எரிச்சதுக்குச் சமம்னு 2003-ல ஒரு ஆய்வு வந்திருக்கு. பீடியே தொடாத மனுசிக்கு ராத்திரிக்கு நூறு சிகரெட்டு.

மூணு வருசமா மூணு கட்சியும் வாய் வழியா என்ன கொடுக்கறதுன்னுதான் சண்டை போட்டோம். மூக்கு வழியா என்ன போகுதுங்கறது அஜெண்டாவுலயே இல்ல.

இந்தப் பக்கம் ஆராய்ச்சி நம்ம ஊர்லயே நடந்திருக்கு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்துல கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் அடுப்புப் புகையைப் பத்தி பல வருசமா வேலை பாக்கறாங்க. திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்கள்ல புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதிச்சு 2011-ல வெளியிட்டாங்க. நூத்துக்கு ரெண்டரைப் பேர் அளவுக்கு சிஓபிடி. சமையல்கட்டுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கறவங்கள்ல அது 3 சதவீதம். சரி, புகையை நிறுத்தினா போன நுரையீரல் வருமா? வராது. ஆனா மிச்சம் இருக்கறது தேயற வேகம் குறையும். தெற்குச் சீனாவுல குவாங்டாங் மாகாணத்துல 12 கிராமங்கள்ல அடுப்பை சாண எரிவாயுவுக்கு மாத்தி, சமையல்கட்டுக்குக் காத்தோட்டம் வச்சு, 2002-லேர்ந்து ஒன்பது வருசம் ஊதச் சொல்லி ஊதச் சொல்லி அளந்திருக்காங்க. மாத்தினவங்களுக்குத் தேய்மானம் குறைஞ்சிருக்கு. இதுக்கு மூலிகையும் வேணாம், மைக்ரோகிராமும் வேணாம்.

வெந்நீருக்கு ஹீட்டர் போட்டாச்சு. கொசுவத்தி போய் கொசுவலை. சாம்பிராணி சாமி ரூமோட நிக்கணும், அதுவும் அப்பத்தா முன்வாசல்ல இருக்கறப்ப. வேது பிடிக்கற கொதிக்கற சட்டியையும் நிறுத்தியாச்சு, போர்வைக்குள்ள அதுக்கு மூச்சு இன்னும் முட்டத்தான் செய்யும், கொட்டிக்கிட்டா வேற வம்பு.

வீட்டு வைத்தியத்துல நான் முழு மனசோட ஓட்டுப் போடறது ஒண்ணு இருக்கு. பனையோலை விசிறி. சிரிக்காதீங்க. மூச்சு முட்டறப்ப முகத்துல, மூக்கு கன்னம் பக்கமா காத்து பட்டா, மூச்சு முட்டற உணர்வு குறையும். 2010-ல பிரிட்டன்ல 50 பேருக்குக் கையடக்க ஃபேனை அஞ்சு நிமிசம் முகத்துக்கும், அப்புறம் காலுக்கும் காட்டிப் பாத்திருக்காங்க. முகத்துக்குக் காட்டினப்பதான் வித்தியாசம். ஆக்சிஜனோட அளவு கூடறதில்ல, ஆனா மூளைக்கு "காத்து வருது"ன்னு சேதி போகுது. அதோட உதட்டைக் குவிச்சு, சூடான இட்லியை ஊதற மாதிரி மெதுவா மூச்சை விடணும். பிசியோதெரபி அக்கா சொல்லிக் கொடுத்தாங்க. "இட்லி மாதிரி"ங்கறது என்னோட சேர்க்கை. முப்பது வருசம் இட்லி வித்தவங்களுக்கு வேற எப்படிச் சொல்ல? டக்குனு பிடிச்சுக்கிச்சு.

பம்பு மறைக்கற பிரச்சினை இன்னும் தீரல. காலையில ஒருதடவை உறிஞ்சற டியோட்ரோபியத்தை வாசல் தெளிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துருது, அதுல சிக்கல் இல்ல. அவசரத்துக்கு உறிஞ்சற இன்னொரு பம்புதான் இப்பவும் முந்தானைக்குள்ள. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் பம்பு இருக்காம், அதுவும் மறைச்சுத்தான் வச்சிருக்காம். ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து பேசறப்ப ரெண்டு பேருமே மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்கன்னு போன வாரம்தான் எங்களுக்குத் தெரியும்!

கசாயம் இப்ப கேஸ் அடுப்புல கொதிக்குது, அத்தையோட மேற்பார்வையில. அதிமதுரம் கிடையாது, திப்பிலி ஒரு சிட்டிகை. அப்பத்தாதான் குறை சொல்லிக்கிட்டிருக்கு, விறகுல காய்ச்சினப்ப இருந்த ருசி இதுல இல்லையாம். ஆடாதோடைக் கசாயத்துல என்ன ருசி அப்பத்தான்னு நானும் ஒரு மடக்கு குடிச்சுப் பாத்தேன். மக்களே, வேணாம்... விட்டுடுங்க :-)